கைவண்ணமும் கணினியும்

சித்திரம் பழக்கத்தாற் கைவருவது என்று பாலபாடத்திற் படித்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் கடதாசியின் மேல் நிகழவேண்டுமா, கணினித் திரையின் மேலும் நிகழலாமா என்ற வினா எமக்குச் சித்திரபாடம் கற்பித்த ஆசிரியர்களுக்கு எழுந்ததில்லை, எழ நியாயமுமில்லை. இன்று அது எழுந்திருக்கின்றது. எமது கல்லூரியின் பழைய மாணவரும் எமது நண்பருமான ஒருவர் வரைந்த படத்தைக் கண்காட்சிக் குழுவொன்று ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. கணினியின் உதவியோடு ஆக்கப்பட்டமையால் அதனை ஓவியமெனக் கொள்ள இயலாது என்பதே குழுவினர் கூறிய காரணம். அக்குழு எது, கண்காட்சி எங்கே நடந்தது என்பன இங்கு வேண்டப்படா. அவர்கள் கூறிய காரணம் பொருந்துமா என்பதையே நாம் ஆராயப் புகுந்தோம். சித்திரபாடத்தில் நாம் பெற்ற புள்ளிகள் எத்தனை என்று வாசகர் கேளாதிருப்பாராக.

நண்பர் தொழில்முறை ஓவியர் அல்லர். கணக்காளராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். மார்க்கர் பேனையால் வரைவது அவருடைய பொழுதுபோக்கு. நீர்வண்ணம் பயிலாமல் இதனை ஏன் தெரிந்தீர் என்று ஒருமுறை கேட்டோம். தூரிகை கழுவவேண்டியதில்லை என்றார்.

இப்பேனை பெட்டிகளின் மேற் பெயரெழுதப் பயன்பட்ட எளிய கருவியென்றே பலரும் எண்ணுவர். அமெரிக்காவிற் சிட்னி ரோசென்தால் என்பார் 1953 ஆம் ஆண்டிற் கம்பளி முனையும் விரைந்துலரும் மையும் கொண்ட பேனையை 'மஜிக் மார்க்கர்' என்ற பெயருடன் சந்தைக்குக் கொணர்ந்தார். யப்பானில் யுக்கியோ ஹோரியே என்பார் 1962 இல் நார்முனைப் பேனையை ஆக்கினார். கட்டடக் கலைஞரும் விளம்பரப் படம் வரைவோரும் நாளடைவில் இவ்வகைப் பேனைகளைக் கைக்கொண்டனர். அந்நாட்டிலிருந்தே 1987 இல் 'கொப்பிக்' என்னும் மார்க்கர் வரிசை, சித்திரகாரர்க்கென்றே வந்தது.

இதன் இயல்பை அறியாதார் இதனை இழிவாகப் பேசுவர். மையில் உள்ள சாயம் மதுசாரத்திற் கரைந்திருக்கின்றது. மதுசாரம் நொடிப்பொழுதில் ஆவியாகிவிடுமாதலின் ஒரு கோட்டின் ஓரம் உலருமுன் அடுத்த கோட்டை அதனோடு சேர்த்துவிடவேண்டும். தாமதித்தால் இரண்டும் மேற்படிந்த இடத்தில் இருண்ட வரி விழும். அவ்வரியை அழிக்க இறப்பர் இல்லை; மேலே வெள்ளை பூசி மறைப்பதும் எளிதன்று. பேனையை ஓரிடத்திற் சற்று நிறுத்தினாலோ மை கடதாசியை ஊடுருவி அடியிலுள்ள தாளையும் கறைப்படுத்தும். எங்கே தொடங்குவது, எங்கே கையை எடுப்பது என்பதைக் கோடிடுமுன்னரே துணிந்துகொள்ள வேண்டிய கருவி இது. பொழுதுபோக்கென்று நண்பர் அடக்கமாகச் சொன்னாலும் அவர் பழகியது இலேசான வித்தை அன்று.

இனிப் படத்திற்கு வருவோம். அது ஒரு வீட்டின் படம். வலிகாமம் வடக்கில், செம்மண் முற்றத்தோடு கூடிய நாற்சார் வீடு. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது நண்பரின் குடும்பமும் உடுத்த உடையோடு வெளியேறியது. வீட்டைக் காட்டும் நிழற்படம் ஒன்றேனும் அவர்கள் கையில் எஞ்சவில்லை. இளைப்பாறிய பின் நண்பர் அதனை நினைவிலிருந்து வரைந்தார். விறாந்தைத் தூண்கள், சங்கடப்படலை, வேம்பு, இடப்புறத்திலே துலாவோடு கூடிய கிணறு, அதனருகே தேசி மரம் ஆகிய யாவும் அத்தாளில் உள்ளன.

படத்தைத் தாயாரிடம் காட்டினார். எண்பத்தெட்டு வயதுடைய அவ்வம்மையார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "கிணறு இந்தப் பக்கம் இல்லைத் தம்பி" என்றாராம். தமக்கையார் கனடாவிலிருந்து தொலைபேசியில் அதனை ஆமோதித்ததோடு, தேசி மரம் நின்ற இடமும் பிழை என்றார். மார்க்கர் மையை அழித்தெழுத இயலாது என்பதை மேலே கூறினோம். முழுப் படத்தையும் மீண்டும் வரைய நண்பர் முயன்றார். விறாந்தையின் நிழல் முதன்முறை விழுந்தவாறு மறுமுறை விழவில்லை. அதன் பின்னரே அவர் கணினியை நாடினார்.

அவர் செய்ததைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். மறுப்புக் கூறியவர்கள் அதனைக் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை. முதற் படத்தை ஸ்கானரில் இட்டு அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி வீதம் பதிவுசெய்தார். ஏ4 அளவுத் தாளொன்று இவ்வாறு குறுக்கே 4960, நெடுக்கே 7016 புள்ளிகளாகும். ஸ்கானரின் விளக்கொளியில் வெளிர்நிறங்கள் மங்கின. அவற்றைத் தாளோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார். பின்னர்க் கிணற்றையும் துலாவையும் வேறொரு தாளில் மார்க்கராலேயே புதிதாக வரைந்து, அதனையும் பதிந்து, முதற் படத்தின் மேல் வலப்புறத்தில் ஓர் அடுக்காக வைத்தார். கணினி கிணற்றை வரையவில்லை என்பதை வாசகர் கவனிக்க.

மேலே வைத்த தாளின் வெண்மை கீழேயுள்ள முற்றத்தை மறைக்காதோ எனின், மறைக்காது. போட்டோசொப்பிலும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப், கிறிற்றா முதலியவற்றிலும் 'பெருக்கல்' என்றொரு முறை உண்டு. வெண்மைக்கு ஒன்று, கருமைக்குப் பூச்சியம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் எண் வகுத்து, மேலடுக்கின் எண்ணைக் கீழடுக்கின் எண்ணாற் பெருக்குவர். ஒன்றாற் பெருக்கிய எண் மாறாதாகலின் வெண்மை இருந்த இடத்திற் கீழேயுள்ள செம்மண்ணே தோன்றும். பூச்சியத்தாற் பெருக்கியது பூச்சியமேயாகலின் கறுப்புக் கோடு கறுப்பாகவே நிற்கும். இதனைக் கண்டறிந்த அன்று நண்பரிடத்துக் கணக்காளரும் ஓவியரும் முதன்முறையாக ஒற்றுமைப்பட்டனர்! பழைய கிணறு இருந்த இடத்தை மூட மட்டும் முற்றத்தின் பிறிதோரிடத்துச் செம்மண்ணைக் கணினியாற் படியெடுத்து ஒட்டினார். கையாற் செய்யப்படாத வேலை இப்படத்தில் உண்டெனின் அது உள்ளங்கையளவான அந்த மண்ணேயாகும்.

குழுவினரின் ஐயத்திற்கு ஒரு காரணம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. நாலு சொற்களைக் கொடுத்தாற் படமொன்றைத் தரும் கணினி நிரல்கள் 2022 ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. வரைந்தவனையும் வரையாதவனையும் பிரித்தறிதல் நடுவர்க்கு அரிதாயிற்று. ஆயினும் கள்வனுக்கு அஞ்சி விருந்தினனுக்கும் கதவடைப்பது நெறியாகாது.

கைத்தொழிலின் மேன்மையைப் பற்றிப் பேசுவோர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமியை மேற்கோள் காட்டுவது வழக்கம். அவர் இரவிவர்மாவின் ஓவியங்களைக் கடுமையாகக் கண்டித்தவர் என்பது உண்மையே. அவ்வோவியங்களின் அச்சுப்படிகளே எமது பாட்டிமார் பூசையறையில் விளக்கேற்றி வணங்கிய இலக்குமியும் சரசுவதியும் என்பதும் உண்மை; அச்சியந்திரத்திற் பிறந்ததென்று எவரும் விளக்கை அணைத்ததில்லை. அது நிற்க. இலங்கையின் மரபுக் கலைகளைப் பற்றிக் குமாரசுவாமி எழுதிய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியில், 425 படிகளே அச்சிடப்பட்ட நூல் அது. கைவினைக்குச் செய்த வழிபாடென்றே அதனைச் சொல்லலாம். ஆனால், அந்நூலின் தட்டுகளைப் புரட்டிப் பார்ப்போர் அவருடைய மனைவியார் எதெல் எடுத்த நிழற்படங்களைக் காண்பர். கம்மாளனின் கைத்திறனை உலகுக்குக் காட்டக் கமெராவைத் துணைக்கொள்வதில் அப்பெரியாருக்குக் கூச்சமிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தாளிலுள்ளதே மூலம், கணினியிலுள்ளது நிழல் என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். மார்க்கர் படத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுதும் செல்லாது. அதன் மை சாயத்தால் ஆனது. சாயம் வெளிச்சத்தில் வெளிறும். எங்கள் ஊர் வெயில் படும் சுவரில் மாட்டினால் செம்மண் முற்றம் சில ஆண்டுகளில் நிறமிழந்துபோகும். வரைந்த அன்றே செய்த பதிவோ அன்றைய நிறத்தை வைத்திருக்கும். ஆகவே எது மூலத்திற்கு உண்மையாக நிற்கின்றது? 1981 இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை அறிந்தவர்கள் நாம். 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் பழைய நூல்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் பதிந்து வருவதைப் போற்றுகின்றோம். நூலுக்குப் பொருந்தும் நியாயம் சித்திரத்திற்கு மட்டும் பொருந்தாதெனல் எவ்வாறு?

இவ்வளவும் நண்பர் பக்கம் பேசினோம். அவரிடம் எமக்குள்ள குறையையும் சொல்லிவிடுதல் நேர்மை. கணினியிற் செய்த பிழையை ஒரு விசையைத் தட்டி மீட்டுக்கொள்ளலாம். அவ்வசதியைச் சுவைத்தவர் அதனை எளிதில் விடார். நண்பருடைய அண்மைக்காலப் படங்களில் மேற்படிந்த கோடுகளின் வரிகளையெல்லாம் தேய்த்துத் துடைத்து மெழுகியிருக்கின்றார். வானம் கண்ணாடிபோல் இருக்கின்றது. வரைந்தவர் எங்கே என்று தேடவேண்டியிருக்கின்றது. உலருமுன் சேர்க்கவேண்டுமென்று விரைந்த கையின் பதற்றமன்றோ மார்க்கர் சித்திரத்தின் உயிர்? அதனை மறைக்கக் கணினியைப் பயன்படுத்துவாராயின் குழுவினர் கூற்றை அவரே மெய்ப்பிப்பவராவார்.

காணி விடுவிக்கப்பட்டபின் நண்பர் அங்கே சென்று பார்த்தார். வீடு இல்லை; அத்திவாரமும் பற்றைகளுமே இருந்தன. கிணற்றுக்கட்டு மட்டும் தாயார் சொன்ன பக்கத்தில், வலப்புறத்தில், இருந்தது. எனின், இடப்புறத்தில் எப்படி நினைவிருந்தது? சிறுவனாக அவர் படுத்த அறையில் விடியற்காலையிலே துலாவின் ஓசை இடக்காதில் விழுமாம். கணினியாற் திருத்திய படம் காணியின்படி சரியானது. முதற்றாள் அந்தச் சிறுவனின்படி சரியானது. அத்தாளை நண்பர் பழைய கோவையொன்றிற் செருகி அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். நாம் கேட்டபின்பே எடுத்துக் காட்டினார். எமக்கு அதுவே கூடுதலாகப் பிடித்தது.

எனவே, யூபிலியை ஒட்டிச் சித்திரக் கண்காட்சி நடத்துவோரிடம் நாம் வேண்டுவது இது. கணினி கலந்த சித்திரங்களை ஒதுக்கவேண்டா. முதற்றாளையும் கூடவே கேட்டு வாங்குக. இரண்டையும் அருகருகே, வெயில் படாத சுவரில் மாட்டுக. கையால் யாது செய்யப்பட்டது, கணினியால் யாது செய்யப்பட்டது என்று வரைந்தவரே இரண்டு வரியில் எழுதி ஒட்டட்டும். தாள் இல்லாதவர் இல்லையென்று எழுதட்டும், பார்ப்பவர் தீர்மானித்துக்கொள்வர். திரையிற் பளிச்சிடும் சில நிறங்கள் அச்சில் மங்குமென்பதையும் மாணவர்க்கு முன்னரே சொல்லிவைத்தல் நன்று. பலர் கடைசி நாளில் அச்சகத்தாரோடு சண்டையிடுவதைக் கண்டிருக்கின்றோம்.

நண்பரிடமும் இரண்டு படங்களையும் தரும்படி கேட்டிருக்கின்றோம். தருவதாக ஒப்புக்கொண்டார். தேசி மரம் நின்ற இடத்தைப் பற்றித் தமக்கையாரோடு பேசி முடிக்க இன்னும் சில நாள் தவணை வேண்டுமென்றார்.