தீர்ந்துபோன காஸ் எந்தக் கணக்கில் வரும்?

“பழைய பதிவுகளைக் கொடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை கட்டு, எத்தனை நர்ஸ் வேண்டும் என்று இயந்திரமே சொல்லிவிடும்.” மருத்துவத் தொழில்நுட்பம் பேசும் மேடைகளில் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் வாக்கியம் இது. பேசுபவர் மாறுகிறார், திரையில் ஓடும் வரைபடம் மாறுகிறது. இந்த வாக்கியமும் அதற்கு விழும் கைதட்டலும் மாறுவதில்லை. ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் நடப்பவர்களை நினைக்கும்போது எனக்கு இது கோபத்தைத்தான் தருகிறது.

இயந்திரம் வேகமாகக் கணக்குப் போடும் என்கிறார்கள். போடும். அதை யாரும் மறுக்கவில்லை.

அதற்குப் பாரபட்சம் கிடையாது என்கிறார்கள். படுக்கைப் புண்ணின் முதல் கட்டத்தைத் தோல் சிவப்பதை வைத்துத்தான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதது பதிவேட்டில் ஏறாது, பதிவேட்டில் இல்லாததை இயந்திரம் கற்காது.

வெளிநாட்டில் நிரூபணமாகிவிட்டது என்கிறார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்திய, செப்சிஸ் என்ற உயிராபத்தான தொற்று நிலையைக் கணிக்கும் முறையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது.

இனி அடிப்படைக்கு வருவோம். பழைய பதிவு தேவையைக் காட்டும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்தக் கட்டடம் முழுதும் நிற்கிறது. பதிவு காட்டுவது கொடுத்ததை. தேவைப்பட்டதை அது காட்டுவதில்லை.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதக் கடைசியில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைப் புண்ணோடு வந்த பெரியவரிடம், “ஐயா, சரக்கு வரல, திங்கக்கிழமை வாங்க” என்கிறார் நர்ஸ். அவர் பஸ்ஸுக்குக் கொடுத்த காசும் அரை நாள் கூலியும் போனதுதான் மிச்சம். அடுத்த முறை அவர் வருவதில்லை. வீட்டிலேயே பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொள்கிறார். பதிவேட்டில் அன்று எதுவும் இல்லை. இப்படிப் பல நாட்கள் சேர்ந்தால் ‘இங்கே கட்டு மாற்ற வருபவர்கள் குறைவு’ என்று இயந்திரம் கற்றுக்கொள்கிறது. அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறைகிறது. காஸ் இல்லாத ஊருக்கு இனியும் காஸ் போகாது; இம்முறை அறிவியலின் முத்திரையோடு.

1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து, மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்த சரக்கைக் கணக்கு வைக்கிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்ற நல்ல ஏற்பாடு. ஆனால் பாஸ்புக்கில் ஏறுவது எடுத்த சரக்கு மட்டும்தானே? இல்லையென்று திருப்பி அனுப்பியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இது என் கற்பனைப் பயம் என்பவர்கள், 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஸியாத் ஓபர்மேயர் குழு எழுதிய ஆய்வைப் படிக்கட்டும். கூடுதல் பராமரிப்பு யாருக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய ஒரு நிரல், நோயின் கடுமைக்குப் பதிலாக எதிர்காலச் செலவைக் கணித்தது. கறுப்பின மக்களுக்கு எப்போதுமே குறைவாகச் செலவழிக்கப்பட்டு வந்ததால் அவர்கள் நோய் குறைந்தவர்களாகக் கணக்கில் வந்தார்கள். அந்தக் கோணலை நிமிர்த்தினால், கூடுதல் உதவிக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்வார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது.

பதிவுகள் ஒழுங்காக இருக்கும் நாட்டிலாவது நிலைமை வேறா? பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் 2012–13இல் 22 லட்சம் புண்களுக்குச் சிகிச்சை நடந்தது என்று ஜூலியன் கெஸ்ட் குழு கணக்கிட்டது. அதே ஆய்வின்படி, 30 சதவீதப் புண்களுக்கு அது என்ன வகைப் புண் என்ற குறிப்பே இல்லை. கால் புண் உள்ளவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டம் பார்த்ததாகப் பதிவு இருந்தது. ரத்த ஓட்டம் பார்க்காமல் காலை இறுக்கிக் கட்டுவது ஆபத்து. சிரை நோயால் வந்த புண்ணோ இறுக்கிக் கட்டாமல் லேசில் ஆறாது. ஆக, அந்தப் பதிவுகளில் கணிசமானவை தவறான சிகிச்சையின் பதிவுகள். அதிலிருந்து கற்கும் இயந்திரம் அதே தவறுக்கு இன்னும் எத்தனை பெட்டி கட்டுத்துணி வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லும்.

வேலூரில் நடந்ததை நாம் மறந்துவிட்டோம். 1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணுக்குக் காரணம் உணர்விழந்த பாதத்தில் ஓயாமல் விழும் அழுத்தமே என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை விலக்கியதும் நெடுநாள் புண்கள் ஆறின. பிறகு மெத்தென்ற ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு வந்தது. சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்துக்கும் இதே பாடம்தான். அன்று காஸ் செலவுக் கணக்கை மட்டும் ஓர் இயந்திரத்திடம் கொடுத்திருந்தால் அது மேலும் காஸ்தான் கேட்டிருக்கும். செருப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை.

நர்ஸ் பற்றாக்குறையை இயந்திரம் ஈடுகட்டும் என்பது அவர்களின் கடைசி வாதம். கட்டு மாற்றுவதற்குக் கை வேண்டும்.

திட்டமிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் கட்டுப் போடும் அறைப் பதிவேட்டில் இரண்டு பத்திகள் கூட்டுங்கள்: இன்று சரக்கு இல்லாமல் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர், சர்க்கரை நோயாளிகளில் மோனோஃபிலமென்ட் இழையால் பாத உணர்வு பார்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர். அந்தப் பத்திகள் நிரம்பிய பிறகு உங்கள் நிரலைக் கொண்டுவாருங்கள், பேசலாம்.