வைஃபை எங்கே போயிற்று?

பழைய லாப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்களில் சிலருக்கு முதல் நாளே ஒரு திகில் காத்திருக்கிறது. திரை பளிச்சென்று வருகிறது. பாட்டு பாடுகிறது, படம் ஓடுகிறது, தமிழ் எழுத்து அழகாகத் தெரிகிறது. வைஃபைப் பட்டியலை மட்டும் காணோம்! பக்கத்து வீட்டு வைஃபையின் பெயராவது தெரிய வேண்டாமோ? அதுவும் இல்லை.

மாம்பலத்துச் சகோதரி ஒருவரின் கடிதம் இந்த ரகம்தான். அவர் வீட்டு லாப்டாப்புக்கு வயது பத்துக்கு மேல். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-ஓ அவ்வளவு பழைய யந்திரத்தைச் சேர்த்துக் கொள்ளாது. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகன், "கவலைப்படாதீர்கள் அத்தை, ஒரு மணி நேரத்தில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி போட்டும் கொடுத்துவிட்டான். ஆனால் வைஃபை வரவில்லை. மறுநாள் காலை ரயிலேறிக் கோயம்புத்தூர் போய்விட்டான்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "கார்டு போய்விட்டது அம்மா. இவ்வளவு பழசுக்கு மாற்றுவது வீண் செலவு. புதிதாக ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள்" என்று தீர்ப்பு. வெள்ளிக்கிழமை சீட்டுப் பணம் வருகிறது. அது பெண்ணின் பரீட்சைக் கட்டணத்துக்கும் வீட்டுச் சாமானுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. பெண்ணுக்கோ தபால் வழிப் பட்டப்படிப்பு. வகுப்புகள் எல்லாம் இணையத்தில். "சீட்டுப் பணத்தைக் கொடுத்து வாங்கிவிடட்டுமா?" என்பதுதான் கேள்வி.

வாங்க வேண்டாம் என்று அன்றைக்கே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதே சங்கடத்தில் இருக்கும் மற்ற சகோதரிகளுக்காக விஷயத்தை இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சாதாரணக் கேள்வி. லினக்ஸ் போடுவதற்கு முந்திய நாள் வரை வைஃபை வேலை செய்ததா? செய்தது என்றால், அந்தக் கார்டு சரியாக அன்றைக்குப் பார்த்து உயிரை விட்டிருக்கும் என்பதை எப்படி நம்புவது? கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வைஃபைச் சிப் என்பது ஒரு கெட்டிக்காரச் சமையற்காரர் மாதிரி. கையில் வித்தை இருக்கிறது. ஆனால் ஞாபக சக்தி கிடையாது. இன்றைக்கு என்ன சமையல், உப்பு எங்கே, புளி எங்கே என்று தினமும் காலையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் அடுப்பே பற்ற வைப்பார். அந்தச் சீட்டுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளுக்கு டிரைவர் என்று பெயர். லாப்டாப்பை நிறுத்தினால் சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி போடும்போது டிரைவர் மறுபடியும் சீட்டை நீட்ட வேண்டும்.

சரி, லினக்ஸ்காரர்கள் அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் என்ன? அங்கேதான் வில்லங்கம். சீட்டு சிப் கம்பெனியின் சொத்து. இன்டெல் கம்பெனி, "தாராளமாக எல்லோருக்கும் கொடுங்கள்" என்று அனுமதித்திருப்பதால் அதன் சிப் உள்ள லாப்டாப்புகளில் பெரும்பாலும் தொந்தரவே வருவதில்லை. பிராட்காம் கம்பெனி தன் பழைய சிப்புகள் பலவற்றுக்கு அப்படி அனுமதி தரவில்லை. டெபியன் என்ற புகழ்பெற்ற லினக்ஸ் குழு 2022-இல் தன் அங்கத்தினர்களிடம் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட ஃபர்ம்வேர்களை இன்ஸ்டாலரோடு சேர்த்தே தருகிறது. அதில்கூட இந்தப் பழைய பிராட்காம் சீட்டுகள் இல்லை. அனுமதி இல்லாததை வாக்கெடுத்து என்ன செய்வது? ஆகவே அவரவர் வீட்டு யந்திரமே இணையத்துக்குப் போய் இறக்கிக்கொள்ள வேண்டும். இணையம் வரவேண்டுமென்றால் இணையம் வேண்டும்! கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க வாளியைத் தேடுகிற கதை.

இதற்கு உபாயம் உங்கள் கையிலேயே இருக்கிறது. செல்போன்தான். போனையும் லாப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளால் இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மட்டக் கேபிள் உதவாது. போனோடு வந்த கேபிளாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் லாப்டாப் தனக்குக் கம்பி வழியாக இணையம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் தேட வேண்டாம்.

பிறகு மின்ட் மெனுவில் டிரைவர் மேனேஜர் என்று இருப்பதைத் திறந்து பாஸ்வேர்டைக் கொடுங்கள். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு அது அடிஷனல் டிரைவர்ஸ் என்ற பெயரில் இருக்கும். சற்றுத் தேடிவிட்டு, 'பிராட்காம்' என்று ஒரு வரியைக் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்து, முடிந்ததும் லாப்டாப்பை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் விஷயம் இத்துடன் முடிந்தது.

ஒன்றும் காட்டவில்லையா? அப்போது சிப்பின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைச் சின்ன எழுத்தில் சேர்த்து அடியுங்கள். ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, ஒட்டினாற்போல் இரண்டு 'என்' அடித்து என்டர் தட்டுங்கள். (இந்தக் கறுப்பு ஜன்னலைக் கண்டு பயப்படுகிறவர்கள் குக்கர் விசிலுக்குக்கூடப் பயந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.) நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வருகிற வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். 8086 என்று ஆரம்பித்தால் இன்டெல். 10ஈசி என்றால் ரியல்டெக். 14ஈ4 என்றால் நம்முடைய பிராட்காம். சாதாரணமாக 4311, 4318 போன்ற பழைய சிப்புகளுக்கு பி43 என்ற டிரைவரும் அதன் ஃபர்ம்வேரும் வேண்டும். 43142, 4360 போன்றவற்றுக்குக் கம்பெனியே கொடுத்த, டபிள்யூஎல் என்கிற டிரைவர்தான். இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டால் ஒன்றையொன்று வழிமறித்துக்கொண்டு இரண்டும் படுத்துவிடும்.

மாம்பலத்துச் சகோதரியின் சிப் 43142. போனை இணைத்து டிரைவரைப் போட்டாயிற்று. ஆனாலும் வைஃபை வரவில்லை என்று உடனே ஒரு செய்தி அனுப்பினார். காரணம், செக்யூர் பூட் என்ற காவல்காரன். வெளியிலிருந்து வருகிற டபிள்யூஎல் போன்ற டிரைவரை அவன் லேசில் உள்ளே விடமாட்டான். போடும்போதே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்வான். அடுத்த முறை லாப்டாப்பைப் போட்டதும் நீலத் திரையில் வந்து, "ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டுகிறாயா?" என்று பத்து விநாடி காத்திருப்பான். அந்தப் பத்து விநாடியும் நம் சகோதரி சமையலறையில் பாலை இறக்கிக்கொண்டிருந்தாராம். மறுபடி டிரைவரை நீக்கிவிட்டு முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை எதிரிலேயே உட்கார்ந்து, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்ததும் கதவு திறந்துவிட்டது. பெண் அன்று மாலை வகுப்பில் உட்கார்ந்தாள். பி43-க்கு இந்தச் சடங்கு கிடையாது. அது லினக்ஸ் வீட்டுப் பிள்ளை.

அந்த பி43 பிறந்த விதமே ஒரு கதை. கம்பெனி தன் சிப்புகளின் ரகசியத்தைச் சொல்ல மறுத்த காலத்தில், சில தன்னார்வலர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி கம்பெனியின் டிரைவரைப் பிரித்துப் பார்த்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் குறிப்பாக எழுதிற்று. மற்றக் கட்சி மூலத்தைக் கண்ணால் பாராமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக டிரைவர் எழுதிற்று. காப்பியடித்தான் என்று யாரும் வழக்குப் போட முடியாதல்லவா? அதன் முதல் வடிவம் 2006-இல் லினக்ஸில் சேர்ந்தது. பி43 2008 ஜனவரியில் வந்தது. இதில் உழைத்த லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர் அந்த வேலையில் இறங்கியபோதே அறுபதைத் தாண்டியவர். 2024 ஜூனில் தம் 84-ஆம் வயதில் காலமானார். கம்பெனி 2010-இல் சில சிப்புகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது. இந்தக் காரியத்தைச் சிப்பை விற்றுக் காசு பார்த்தவர்களல்லவா முதலிலேயே செய்திருக்க வேண்டும்?

டபிள்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கம்பெனி அதைக் கடைசியாகப் புதுப்பித்தது 2015-இல். அதற்குப் பிறகு லினக்ஸ்காரர்களே ஒட்டுப்போட்டு ஓட்டி வருகிறார்கள். லினக்ஸின் கர்னல் புதிதாகும்போது எப்போதாவது வைஃபை மறுபடி மறைந்துவிடலாம். பதறாதீர்கள். யந்திரம் கிளம்பும்போது வருகிற மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போனால் பழைய கர்னல் இருக்கும். அதில் கிளம்பிக் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

இதுவரை லினக்ஸ் போடாதவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். புடவையைப் பிரித்துப் பார்க்காமலா எடுக்கிறோம்? பென் டிரைவில் வைத்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். லாப்டாப்பில் உள்ளது எதுவும் அழியாது. அப்போதே வைஃபை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வைஃபைக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால், விமானம் போட்ட பொத்தான் இருந்தால், அதையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இரண்டு தடவை.

என்ன செய்தும் வராத யந்திரத்துக்கு, யூஎஸ்பியில் சொருகுகிற கட்டைவிரல் அளவு வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கலாம். கடைக்காரர், "எல்லாவற்றிலும் வேலை செய்யும்" என்று சொல்வதைக் கேட்காமல், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். ஏஆர்9271 என்ற அதிரோஸ் சிப் உள்ளது நல்ல தேர்வு. அதன் ஃபர்ம்வேரே எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. சிப்பின் பெயரைச் சொல்லத் தெரியாத கடையில், பிடிக்காவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வதாக எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

சிப் எண்ணையும் செக்யூர் பூட்டுக்கு வைத்த பாஸ்வேர்டையும் காஸ் கனெக்‌ஷன் நம்பர் எழுதி வைத்திருக்கும் நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் மகன் அடுத்த விடுமுறைக்குத்தான் வருவான்.