விடைச் சுட்டியைப் பூட்டுங்கள்

"எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, மாணவர்களுக்கு இனி என்ன குறை?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். கிடைப்பது நூலகம், அது வகுப்பு ஆகிவிடாது.

2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்கும் நிறுவனத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். சங்க நூல்களை உரையோடு கைக்கெட்டச் செய்த அதன் மின்னூலகத்தைக் குறைத்துப் பேசுவது நன்றி கொன்ற செயல். நமது வழக்கு அதன் பாடங்களோடுதான். அச்சுப் பக்கம் அப்படியே திரையேறியிருக்கிறது. இடையிடையே 'தன் மதிப்பீடு' என்றொரு பகுதி. வினாவை ஒட்டியே 'விடை' என்றொரு சுட்டி. சொடுக்கினால் விடை வந்து நிற்கும். மாணவன் இங்கே எதை மதிப்பிட்டான்? தன் சுட்டுவிரலையா?

1937இல் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையைப் புரட்டிப் பாருங்கள். தாம் கொண்ட பாடத்தோடு, தாம் கொள்ளாத பாடபேதங்களையும் அவர் கொடுத்துவிடுகிறார். படிப்பவன் அவரோடு முரண்பட விரும்பினால் அதற்கான கருவியும் அவர் தந்ததே. மின்சாரம் வேண்டாத அந்தக் காகிதம் நமது திரைப் பாடத்தைவிட மாணவனை மதிக்கிறது.

சென்ற பருவத்தில், மயிலாப்பூரில் நாம் பாடம் நடத்தும் வகுப்பில், திருக்குறளின் ஓர் அதிகாரத்தை மணக்குடவர் உரையிலும் பரிமேலழகர் உரையிலும் கைப்பேசியில் திறக்கச் சொன்னோம். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. (சொல்லாமல் இருப்பதுதான் ஆசிரியனுக்கு எத்தனை கடினம்!) பத்து நிமிடம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஐயா, குறளோட வரிசையே மாறியிருக்கே" என்றாள். மணக்குடவர் காலத்தால் முந்தியவர் என்றால், மாற்றியவர் பரிமேலழகரா? அல்லது இருவர் கையிலும் வெவ்வேறு ஏடுகள் இருந்தனவா? மணி அடித்த பிறகும் வாக்குவாதம் மாடிப்படி வரை தொடர்ந்தது. ஆனால் அவர்கள் கண்டதைக் குறித்துவைக்க அத்திரையில் ஓர் அங்குலம் இடமில்லை. இரண்டு உரைகளை அருகருகே வைத்துப் பார்க்கவும் வழியில்லை.

தொழில்நுட்பம் போதாது என்பது சாக்கு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நூல்களைத் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள். மெய்ப்புப் பார்ப்பவனைப்போல் ஒரு நூலை வரிவரியாகப் படித்தவன் வேறு யார்? அந்த வேலையில் ஒரு பங்கை நம் மாணவர்களிடம் ஒப்படைக்கும் பாடத்தளம் வேண்டும். அதற்குக் காலம் ஆகுமெனில், முதற்கட்டமாக அந்த விடைச் சுட்டி, மாணவன் தன் விடையை எழுதி முடித்த பிறகே திறக்கட்டும்.