வருசக் கடைசி சாதனைப் பட்டியலும் தூங்காத சிஸ்டர்களும்

டிசம்பர் கடைசி வாரம் வந்தாப் போதும், நம்ம ஊர்ல எல்லாத் துறைக்கும் ஒரு வியாதி வந்துடும். சாதனைப் பட்டியல் வியாதி. அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் உண்டு. இத்தனை ஆயிரம் ஆபரேஷன், இத்தனை லட்சம் புறநோயாளிகள், புதுசா வந்த ஸ்கேன் மெஷின், ரிப்பன் வெட்டுற போட்டோ. கூடவே இப்போ கொஞ்ச வருசமா புதுசா ஒரு அயிட்டம் சேந்திருக்கு, 'பணியாளர் நலன்'னு. சரி, என்னதான் செஞ்சிருக்காங்கன்னு பாத்தா ஒரு யோகா வகுப்பு, ஒரு மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம், ஒரு கேக். அந்தக் கேக்கையும் வெட்டுறது டீன் :-)

நான் அரசு ஆஸ்பத்திரியத் திட்ட வரலைங்க. தமிழ்நாட்டுல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பிரசவத்துக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்குதுன்னு 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024ல் ஐ.நா. விருது கிடைச்சுது. பெருமைதான், மறுக்கலை. ஆனா பிரசவம் பாத்தது கட்டடமில்லை. வீடு வீடாப் போய் பிரஷர் பாத்தது திட்டத்தோட பேருமில்லை. மனுசங்க. அந்த மனுசங்களுக்கு வருசக் கடைசியில என்ன கிடைச்சுதுன்னு பாக்கலாம் வாங்க.

2022 டிசம்பர் கடைசி. கொரோனா உச்சத்துல இருந்தப்போ, 2020ல் ஒப்பந்த அடிப்படையில எடுத்த செவிலியர்களுக்கு ஓர் அரசாணை வருது. டிசம்பர் 31ஓட உங்க பணி முடிஞ்சுது, நீட்டிப்பு கிடையாது. ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். புத்தாண்டு வாழ்த்து அட்டை மாதிரி அனுப்பி வச்சாங்க. மறுநாள் ஊரே கேக் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, இவங்க போராட்டத்துல உக்காந்திருக்காங்க.

வேலையை விட்டு எடுக்கலை, மாவட்டச் சுகாதாரச் சங்கம் மூலமா மாற்றுப் பணி தர்றோம், 18,000 ரூபா சம்பளம்னு அன்னிக்கு சுகாதார அமைச்சரா இருந்த மா. சுப்பிரமணியன் சொன்னார். நியமன முறையே சரியில்லைங்கிறதும் அரசுத் தரப்பு வாதம். அப்படியே வச்சுக்குவோம். முறை தப்புன்னா அது ஆர்டர்ல கையெழுத்துப் போட்டவன் தப்பு. பி.பி.ஈ. உடுப்புக்குள்ள எட்டு மணி நேரம் வேர்த்து ஊறின பொண்ணோட தப்பு எப்படி ஆகும்? வைரஸ் வந்து உங்க நியமனக் கடிதத்தைக் காட்டுங்கம்மான்னு கேட்டா தொத்துச்சு? 2020 மே 3ஆம் தேதி ஹெலிகாப்டர்ல இருந்து ஆஸ்பத்திரி மேல பூ தூவினாங்களே, அது நிரந்தரப் பணியாளர் தலையில மட்டுமா விழுந்துச்சு?

உடனே ஒரு கட்சிக்காரர் குதிச்சு வருவார், "பாத்தீங்களா, எங்க ஆட்சியில..."ன்னு. இருங்க சாமி, உங்களுக்கும் இருக்கு. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா தேர்வு எழுதி, பாஸாகி வந்த ஏழாயிரத்துச் சொச்சம் செவிலியர்களுக்கு மாசச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 7,700 ரூபா. தொகுப்பூதியம். ரெண்டு வருசத்துல நிரந்தரம் ஆகிடும்னு நம்பித்தான் வந்தாங்க. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ராத்திரி பகலா உக்காந்தப்புறம்தான், 2018ல் அது 14,000 ஆச்சு. 18,000 ஆனது அதுக்கும் அப்புறம். பக்கத்துலயே அதே வேலையைச் செய்யிற நிரந்தர சிஸ்டர் வாங்குறதுல பாதி கூட இல்லை. அதே ஊசி, அதே நைட் டியூட்டி, அதே வசவு. தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில இவங்களை நிரந்தரமாக்குறோம்னு எழுதினாங்க, அப்புறம் நாலஞ்சு வருசம் கழிச்சும் இவங்க தெருவுல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. ஆக ரெண்டு கழகமும் இதுல ஒரே கட்சி.

எங்க பெரியப்பாவை ஒரு அரசு ஆஸ்பத்திரியில சேத்திருந்தப்போ (ஊர், பேர் வேண்டாம், அங்க வேலை பாக்குறவங்களுக்கு என்னால வம்பு எதுக்கு) ஒம்போது ராத்திரி துணைக்கு இருந்தேன். ஆண்கள் வார்டு. கட்டில் நாப்பது. கட்டில் பத்தாம கீழ பாய்ல ஒரு பத்துப் பன்னெண்டு பேர். ராத்திரிக்கு சிஸ்டர் ரெண்டு பேர், அதுலயும் ஒருத்தங்களைப் பாதி ராத்திரியில வேற வார்டுக்குக் கூப்பிட்டுக்குவாங்க. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரின்னா மூணு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்கணும், மத்த இடத்துல அஞ்சுக்கு ஒருத்தர். நான் பாத்தது அம்பதுக்கு ஒருத்தர்.

அந்தம்மா உக்காந்து நான் பாத்ததே கேஸ் ஷீட் எழுதத்தான். டிரிப்ஸ் தீர்ந்துடுச்சுன்னு ஒருத்தன் கத்துறான், யூரின் பேக் நிறைஞ்சிடுச்சுன்னு இன்னொருத்தன், நடுவுல கம்ப்யூட்டர்ல வேற ஏத்தணும். மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஆள், அவங்கப்பாவுக்கு ஊசி போட லேட்டாச்சுன்னு, கெட்ட வார்த்தையில ஆரம்பிச்சான். அந்தம்மா பதில் பேசலை. ஊசியைப் போட்டுட்டுப் போய் மருந்து ரூம் கதவுக்குப் பின்னால ரெண்டு நிமிசம் நின்னாங்க. திரும்பி வந்து அடுத்த கட்டில். ரூம்னு ஒண்ணு இருந்தாத்தானே போய் அழுவாங்க? டியூட்டியில இருக்குறவங்க முகம் கழுவ, சேலை மாத்த தனி இடம் கிடையாது அந்த வார்டுல. பாத்ரூம் நோயாளிங்களோட பாத்ரூம்தான்.

ஆள் பத்தலைங்கிறதுக்கு முகம் கிடையாது. சிஸ்டருக்கும் டியூட்டி டாக்டருக்கும் முகம் இருக்கு. அதனால அடி அங்க விழுது. 2024 நவம்பர் 13ஆம் தேதி, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில பட்டப்பகல்ல ஒரு புற்றுநோய் டாக்டரைக் கத்தியால குத்தினாங்க. சட்டம் இல்லாம இல்லை. 2008லயே போட்டாச்சு, ஜாமீன்ல வர முடியாத குற்றம், பத்து வருசம் வரைக்கும் ஜெயில். ஆனா ரெண்டு மணி நேரம் கியூவுல நின்னு வெறியேறி வர்றவன் சட்டப் புத்தகம் படிச்சுட்டா வர்றான்? கியூவைக் குறைக்க ஆள் வேணும். ஆள் போடாம வாசல்ல மெட்டல் டிடெக்டர் வைக்கிறது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை.

டாக்டர்கள் நிலைமை இன்னும் தமாஷ். 1992ல் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சா 12 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு. யாரும் கண்டுக்கலை. 2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தோட பணிக்குழு அறிக்கை வந்துச்சு. அவங்க நடத்தின ஆய்வுல பதில் சொன்ன முதுநிலை மாணவர்கள்ல நூத்துக்கு 31 பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கு. படிச்சுட்டு ஒரு நிமிசம் மூச்சு நின்னுடுச்சு எனக்கு. சரி, அந்தக் குழு என்ன பரிந்துரை பண்ணுச்சு? வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல வேண்டாமாம்! முப்பத்திரெண்டு வருசத்துல 48 மணி 74 ஆனதுதான் சீர்திருத்தம். அதையாவது கடைப்பிடிச்சா கோயிலுக்குத் தேங்கா உடைக்கிறேன்.

இதுக்கெல்லாம் நடுவுலதான் யோகா. என் சித்தி பொண்ணு ஒரு அரசு ஆஸ்பத்திரியில செவிலியர். நைட் டியூட்டி முடிச்சு காலைல ஏழரைக்குக் கெளம்பப் போனவளை, "எட்டு மணிக்கு மன அழுத்த வகுப்பு, வருகைப் பதிவேட்டுல கையெழுத்து கட்டாயம்"னு நிறுத்தி வச்சிருக்காங்க. வகுப்புல சொல்லிக் கொடுத்தது, தினமும் எட்டு மணி நேரம் நல்லாத் தூங்கணும்கிறதாம். "அண்ணா, அந்த சார் பேசப் பேச நான் தூங்கிட்டேன், அது மட்டும் உருப்படியா நடந்துச்சு"ன்னா. யோகா நல்லதுதான், யார் இல்லேன்னா? வார லீவு கொடுங்க, வீட்டுலயே செஞ்சுக்குவாங்க.

காசு எங்கய்யா இருக்குன்னு கேப்பீங்க. 2022 ஜனவரி 12ஆம் தேதி ஒரே நாள்ல 11 மருத்துவக் கல்லூரி திறக்கக் காசு இருந்துச்சு. கட்டடத்துக்குக் காசு எப்பவும் இருக்கு, ஏன்னா கட்டடத்துல கல்வெட்டு வைக்கலாம். சிஸ்டர் மேல கல்வெட்டு வைக்க முடியாது பாருங்க. 2025ல் அதே மருத்துவ ஆணையம் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள்ல பெரும்பாலானதுக்கு, ஆசிரியர் பற்றாக்குறை, இன்னபிற குறைகள்னு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புச்சு. கட்டியாச்சு, உள்ள ஆளைக் காணோம்.

அடுத்த டிசம்பர் பட்டியல்ல எனக்கு ஒரே ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் அனுமதிக்கப்பட்ட செவிலியர் இடம் எத்தனை, நிரப்பினது எத்தனை, அதுல நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, ராத்திரியில ஒரு வார்டுக்கு எத்தனை பேர். கேக் போட்டோவுக்குப் பக்கத்துலயே போட்டாலும் சரி. இதுக்கு நிதி ஒதுக்கீடு கூடத் தேவையில்லை, உக்காந்து டைப் அடிக்க ஒரு ஆள் இருந்தாப் போதும். அந்தப் போஸ்டும் காலியா இருக்கான்னு விசாரிக்கணும்.