தங்கம் விலை எகிறிடுச்சு... கேஜிஎஃப் சுரங்கம் மட்டும் ஏன் திறக்கல?

2001 பிப்ரவரி 28. கோலார் தங்க வயலில் கடைசி ஷிஃப்ட் முடிந்தது. அப்போது சர்வதேச சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே. 2025ல் அது 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. அப்போ சுரங்கத்தைத் திரும்பத் திறந்துட வேண்டியதுதானே?

தமிழர்கள் கட்டிய ஊர்

1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கே கால் பதித்தது. பாறைக்குள் இறங்க ஆள் போனது பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களில் இருந்துதான். மத்தூர், கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு சேலம் மாவட்டம். போனவர்களில் பெரும்பாலானோர் தலித் மக்கள். 1902லேயே சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். துரைமார்களுக்கு பங்களா, கிளப். தொழிலாளிக்கு லைன் வீடு, பாறை வெடிப்பு, சிலிக்கோசிஸ்.

ஏன் மூடினாங்க?

சுமார் 120 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 800 டன் தங்கம் எடுத்தாகிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக்கூட செலவு ஏறியது, தங்கம் குறைந்தது. 1972ல் உருவான மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியது.

இப்போ என்ன சிக்கல்?

பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. அதை இறைத்து, அவ்வளவு ஆழத்தில் மறுபடி வேலை தொடங்குவது லேசான காரியம் இல்லை. அதனால் பார்வை மேலே திரும்பியிருக்கிறது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், 'சயனைடு மேடு'களாக ஊரைச் சுற்றி நிற்கிறது. 13 மேடுகளில் மிச்சமுள்ள தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஊர் மக்களுக்கு என்ன கிடைக்கும்?

மேட்டு மண்ணை அள்ள இயந்திரம் போதும். அந்தக் காலம் மாதிரி ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படாது. காற்றடித்தால் அந்தத் தூசியைச் சுவாசிப்பது இதே மக்கள்தான். பலர் இன்றும் கம்பெனி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார்கள். வீட்டுப் பட்டா அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்துக்குக் கணக்கு போட்டாச்சு. அதை வெட்டி எடுத்தவர்களின் குடும்பத்துக்கு என்ன பங்கு? திட்டம் நகரும்போது கவனிக்க வேண்டியது அதைத்தான்.