முதலில் முள்ளைப் பாருங்கள்

மும்பை சோர் பஜாரிலோ கொல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவிலோ பழைய இசைத்தட்டுகளை அள்ளி வருபவர்கள் அடுத்து விலை கேட்பது பெரிய ஸ்பீக்கர்களுக்கு. பணம் முதலில் போகவேண்டிய இடம் வேறு: டர்ன்டேபிளின் முள்.

வைர முள்ளின் ஆயுள் ஏறக்குறைய 500 முதல் 1,000 மணி நேரம். பிறகு அது தட்டை உழ ஆரம்பிக்கும். பழைய பிளேயரின் முள் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது. எனவே மாற்றிவிடுவதே உத்தமம்.

அடுத்தது எடை. இன்றைய காந்த கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைக்காதீர்கள். துள்ளும் முள்ளும் பள்ளத்தின் சுவரைச் சிதைக்கும். பிளேயர் சமமாக நிற்கிறதா என்பதைக் கொத்தனாரின் ரசமட்டமே சொல்லிவிடும்.

தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் தனி ஜாதி. அவற்றின் பள்ளம் அகலமானது. முள்ளின் முனையும் எல்.பி. முள்ளைவிட ஏறக்குறைய நாலு மடங்கு தடிமனாக வேண்டும். அதே முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டு போச்சு.

ஒலி ஈனசுரத்தில் கேட்டால் ஆம்ப்ளிஃபயரை மாற்ற ஓடாதீர்கள். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கிச் சீராக்க ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும்.

ஸ்பீக்கரை அடுத்த வருடம்கூட வாங்கலாம். பல தட்டுகள் மறுபதிப்பு காணாதவை. கீறல் விழுந்தால் கடையில் மாற்று கிடைக்காது.