இலைக்கு யாருங்க சொந்தக்காரர்?

எங்க வேடசந்தூர்ப் பக்கம் பெருசுங்க அரசியல் பேச ஆரம்பிச்சா, சுத்திச் சுத்தி 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்குத்தான் வருவாங்க. எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிச்சு ஏழே மாசம். மாயத்தேவர் இரட்டை இலையில நின்னு ஜெயிச்சார். ஆளுங்கட்சியா இருந்த தி.மு.க. மூணாவது இடம். டெல்லியில ஆண்ட இந்திரா காங்கிரஸ் அதுக்கும் கீழே. அந்த இலையை இலையாக்கினது எங்க ஜில்லாக்காரன் ஓட்டுதான்.

இந்தப் பழங்கதை இப்ப எதுக்குன்னா, அதே இலை யாருக்குன்னு அப்புறம் ஒவ்வொரு தடவையும் டெல்லியில போய்த்தான் கேக்க வேண்டியிருந்துச்சு. எம்.ஜி.ஆர். போனப்புறம் 1989ல சின்னம் முடக்கம். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. ஜெயலலிதா போனப்புறம் 2017 மார்ச்ல மறுபடி முடக்கம், நவம்பர்லதான் ஓ.பி.எஸ்.-இ.பி.எஸ். கைக்குத் திரும்பி வந்துச்சு. அப்புறம் அந்த ரெண்டு பேருக்குள்ளயே சண்டை. 2022 ஜூலை 11 பொதுக்குழு செல்லும்னு 2023 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

இத்தனைக்கும் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கணும்னு எம்.ஜி.ஆர். காலத்து விதியே இருக்கு. கடைசியில நடந்தது? 2023 மார்ச்ல "போட்டியின்றித் தேர்வு". தி.மு.க.வும் ஒண்ணும் சளைச்சதில்ல, 2018ல ஸ்டாலின் தலைவரானதும் போட்டியில்லாமத்தான்.

'அது அவங்க கட்சி விவகாரம், நமக்கென்ன'ன்னு கேப்பீங்க. இருக்குங்க. நீட் விலக்குக்கு நம்ம சட்டசபை 2017 பிப்ரவரி 1ல ஒருமனதா ரெண்டு மசோதா நிறைவேத்துச்சு. செப்டம்பர்ல டெல்லி அதைத் திருப்பி அனுப்பிடுச்சு. அந்த விஷயம் ஊருக்குத் தெரிஞ்சதே 2019 ஜூலையில, ஐகோர்ட்ல! தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மசோதா டெல்லியில கிடந்தப்ப, சின்னமும் டெல்லியிலதான் கிடந்துச்சு. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வச்சவன் கடன்காரன்கிட்ட குரல் உசத்திப் பேசுவானா?

கனடாவைப் பாருங்க. ஆல்பர்ட்டா மாகாணத்துல 2022 அக்டோபர்ல ஆளுங்கட்சித் தலைவர் போட்டி. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, ஆறாவது சுத்துல 53 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வாங்கித்தான் டேனியல் ஸ்மித் ஜெயிச்சு முதல்வரானாங்க. மத்திய அரசை எதிர்க்க ஒரு மாகாண இறையாண்மைச் சட்டம் கொண்டு வர்றேன்னு அந்தப் போட்டியிலயே சொன்னாங்க, டிசம்பர்ல நிறைவேத்தினாங்க. அந்தச் சட்டம் சரியா தப்பாங்கறது வேற விஷயம். தலைவி ஆகறதுக்காகவே சண்டையை ஊதிப் பெருசாக்கினாங்கன்னும் சொல்லலாம், நானும் மறுக்கலை. ஆனா அவங்க நாற்காலி ஒட்டாவா கையில இல்ல. உறுப்பினர் கையில இருந்துச்சு. அதனால பேச முடிஞ்சுது.

மாநில சுயாட்சின்னு மேடையில முழங்கற நம்ம கட்சிகள் முதல்ல கிளைச் செயலாளர் கையில ஒரு ஓட்டுச் சீட்டைக் குடுக்கட்டும். தலைவர் யாருன்னு திண்டுக்கல்லுலயும் வேடசந்தூர்லயும் முடிவாச்சுன்னா, டெல்லியில போய்க் கைகட்டி நிக்க வேண்டிய அவசியம் பாதி குறையும்.

1973ல அதைச் செஞ்சு காட்டின ஊருங்க இது. வேற யாரு சொல்றதாம்?